வேலையில்லாதவர்கள் கட்டிய கூரையின் கீழே

ரகுவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். அந்த எல்லோரும் யார் என்று பார்த்தால் நானும் உன் அப்பாவும்தான். அவருடைய முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. நீ வேலைக்காகக் கல்கரிக்குக் கிளம்புவதற்குள் இதையெல்லாம் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம் வீட்டில் நின்று பேச யாருக்கு நேரம்? நீ பெட்டி கட்டுவதும், நான் அதில் ஊறுகாய் பாட்டிலைத் திணிப்பதும், நீ அதை எடுத்து வெளியே வைப்பதுமாகவே நாள் போகிறது. அதனால் எழுதி உன் பெட்டியில் வைத்துவிடுகிறேன். கல்கரி போய்ச் சேர்ந்த பிறகு படி. விமானத்தில் படிக்காதே, பக்கத்து சீட்டுக்காரர் முன்னால் உனக்குக் கோபம் வந்தால் நன்றாக இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மிஷெலை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாய். கல்யாணம் ஆகப்போகிற பெண், நம் வீட்டுக் கதைகள் அவளுக்குத் தெரிய வேண்டும்தான். நீ எடுத்த எடுப்பில் எந்தக் கதையைச் சொன்னாய்? "எங்க அம்மா புடவை, கோட்டு, பூட்ஸ் எல்லாத்தோடயும் நீச்சல் குளத்துல இறங்கி என் ரேஸை நிறுத்தினாங்க." மிஷெலுக்குச் சாம்பார் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நீ கையை ஆட்டிச் சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. நீ அவளைக் கொண்டுவிடப் போன பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் கோபம் வந்தது. சிரித்ததற்காக இல்லை. நீ கதையைப் பாதியில் வெட்டிவிட்டாய். நான் தண்ணீரில் இறங்கினேன், எல்லோரும் வெளியே ஓடினார்கள், கூரை விழவே இல்லை, அம்மாவுக்கு எப்போதும் பயம் என்று முடித்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ மறந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

மிஷெலுக்காக முதலிலிருந்தே எழுதுகிறேன், நீ அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல். அப்போது நாம் இதே ஊரில், பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறைந்த வில்லரே பேட்டையில், வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைத்த ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நாம் மெட்ராஸிலிருந்து வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த தெருவில்தான் அந்த நீச்சல் கூடம். முப்பதுகளில் ஊர் முழுக்க ஆலைகள் மூடிக் கிடந்தபோது, வேலை இழந்தவர்களுக்குச் சும்மா சோறு போடுவதற்குப் பதிலாக வேலை கொடுத்துக் கூலி தரலாம் என்று அரசாங்கம் கட்டவைத்த கட்டடம் அது. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் குளியலறையே கிடையாது. ஜனங்கள் குளிக்கவும், பிள்ளைகள் நீந்தவும் என்று கட்டினார்கள். எவ்வளவு கூடுதலாக ஆட்களுக்கு வேலை கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதால் இயந்திரத்தைக் கிட்டவே விடவில்லை. கலவையைக் கையால் கலந்து, தள்ளுவண்டியில் தள்ளி, சாரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரே ஆட்கள் கடைசி வரை வேலை செய்யக் கூடாது, எல்லா வீட்டுக்கும் முறை வர வேண்டும் என்று ஆட்களை மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார்கள். அதனால் கூரையில் ஒவ்வொரு கான்கிரீட் பீமும் ஒவ்வொரு குழுவின் கை வேலை.

இதிலிருந்து அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது, உனக்கு நினைவிருக்கும். நீச்சல் போட்டி நடக்கும் நாளில் பார்வையாளர் வரிசையில் யாரும் கண்ட இடத்தில் உட்கார மாட்டார்கள். தன் அப்பாவோ மாமனாரோ போட்ட பீம் எதுவோ, அதற்கு நேர் கீழேதான் உட்காருவார்கள். முதல் முறை நாம் போனபோது நான் ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு அம்மாள் வந்து, மேலே கையைக் காட்டி, "மன்னிக்கணும் மதாம், இது எங்க அப்பாவோடது" என்றாள். நான் நாற்காலியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நமக்கு மேலே சொந்தமாக எந்த பீமும் இல்லாததால் கதவோரம், குளிர் காற்று அடிக்கும் மூலைதான் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கட்டடம் கட்டினவர்களை இவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கிற ஜனங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ரொஜே. கதவு திறப்பது, தண்ணீருக்கு மருந்து போடுவது, பையன்களை அதட்டுவது எல்லாம் அவர்தான். ஐம்பது வயது இருக்கும், பெரிய உடம்பு, எப்போதும் முழங்கை வரை மடித்த சட்டை. உனக்கு நீந்தக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. ஆழமான பக்கத்து பீம் அவருடைய அப்பா இருந்த குழு போட்டது. இதை அவர் எனக்குச் சொல்லாத நாளே இல்லை. பாதி பிரெஞ்சிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்வார். நான் இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

நான் அப்போது பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்லும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே பெண் என்ஜினீயர் என்று நான் ஒருத்திதான், புடவை கட்டின என்ஜினீயர் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் இந்தக் கூடத்தின் கூரையைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். சாரம் ஏறி ஒவ்வொரு பீமாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீர் என்று கேட்டன. ஆழமான பக்கத்து பீம் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. வெந்நீர் ஆவியும் மருந்து நெடியும் அங்கேதான் போய்ச் சேரும். கோடையில் அதைச் சரி செய்ய வேண்டும், அதுவரை மொட்டை மாடியில் பனியைச் சேரவிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களும் சொன்னபடி குளிர்காலம் முழுக்க ஆள் வைத்துப் பனியை வாரினார்கள். மார்ச் மாதத்தில் ஒரு பெரிய பனிப்புயல் வந்தது. அதை வாருவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது, போட்டியும் வந்துவிட்டது, காலையிலிருந்து மழையும் பிடித்துக்கொண்டது.

நீ கடைசிப் போட்டியில் நீந்த வேண்டும். அந்த வட்டாரத்தில் உன்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று ரொஜே ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்குப் பதினைந்து வயது, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. உள்ளே எள் விழ இடமில்லை. வெளியே கொட்டுகிற மழைக்கு ஜனங்களின் கோட்டெல்லாம் ஈரம், கண்ணாடியெல்லாம் ஆவி. நான் நம் கதவு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவருக்குள்தான் மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் போகிறது. மழை நாளில் அது கடகடவென்று சத்தம் போடும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அன்றைக்கு உன் அப்பா பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எப்போது உறைத்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு போட்டி முடிந்து எல்லோரும் கை தட்டி ஓய்ந்த நேரத்தில் குழாயின் மேல் காதை வைத்தேன். சத்தமே இல்லை.  காலையிலிருந்து இவ்வளவு மழை பெய்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே இறங்கவில்லை என்றால் அத்தனையும் நம் தலைக்கு மேலேதான் நிற்கிறது. ரொஜேயிடம் ஓடி மாடிச் சாவியைக் கேட்டேன். "போட்டி முடியட்டும் மதாம்" என்றார். சாவிக் கொத்தை அவர் இடுப்பிலிருந்து நானே கழற்றப் போனதும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். மேல் கதவைத் தள்ளித் திறந்தால், நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் கட்டின மொட்டை மாடி, அதன் விளிம்பு வரை பனியும் மழைத் தண்ணீரும் சேர்ந்து, ஊறிய அவல் போலக் கனத்துக் கிடந்தது. இறங்கி ஓர் அடி வைத்தேன். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிகால் வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அடியில் பனிக்கட்டி அடைத்திருந்தது.

நம் ஊரில் மொட்டை மாடி என்றால் வெயில், வடாம், கொடிக்கயிறு. கூரைக்குப் பாரம் என்று நான் படித்த காலத்தில் நினைத்ததெல்லாம் கல்யாணப் பந்தலும் ஆட்களும்தான். இந்த ஊரில் வானத்திலிருந்து இறங்குகிற பாரத்தை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் கணக்கை மனத்துக்குள் போட்டபடியே படியிறங்கினேன். பனி மட்டும் என்றால் தாங்கும். பனியோடு தண்ணீரும் என்றால், துருப்பிடித்த அந்த ஒரு பீம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விழும் என்றும் சொல்ல முடியவில்லை. உள்ளே நுழையும்போது அந்த பீமுக்கு நேர் கீழே, குதிக்கும் மேடையில், தொப்பியைச் சரி செய்துகொண்டு நீ நின்றாய்.

விசில் வைத்திருந்த நடுவரிடம் போய், எல்லோரையும் உடனே வெளியே அனுப்புங்கள் என்றேன். "இந்த ஒண்ணுதான் பாக்கி மதாம். அஞ்சு நிமிஷம்" என்றார். நான் என்னைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் சொல்லிப் பார்த்தேன். அவர் என் புடவையைப் பார்த்தார், ரொஜேயைப் பார்த்தார். ரொஜே, "பனி கொஞ்சம் இருக்கு, எப்பவும் இருக்கிறதுதான்" என்று தோளைக் குலுக்கினார். அங்கேதான் நான் பொறுமையை விட்டேன். விரலை நீட்டி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அந்த பீம் கெட்டுப் போயிருக்கு! அது தாங்காது!" என்று கத்தினேன். அத்தனை தலைகளும் மேலே திரும்பின, பிறகு அத்தனை தலைகளும் ரொஜேயின் பக்கம் திரும்பின. யாருடைய அப்பாவின் பீம் என்று தெரியாதவர் அங்கே யாருமில்லை. ரொஜேயின் முகம் கழுத்து வரை சிவந்தது. ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த ஒருத்தி தங்கள் அப்பன்களைக் குறை சொல்கிறாள் என்றுதான் அவர்களுக்குப் பட்டது.

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். நீங்கள் எல்லோரும் குனிந்துவிட்டீர்கள். தண்ணீரில் ஆள் இருந்தால் போட்டியைத் தொடங்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆழமில்லாத பக்கத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது, மார்பு வரை தண்ணீர், கோட்டு ஊறிக் கீழே இழுக்கிறது. சிரிப்புச் சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்தது. மேடையில் நின்றபடி நீ என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"என்ன பண்றே நீ? மேலே ஏறு!" என்று உன் அப்பா வரிசையிலிருந்து கத்தினார்.

"என்னங்க, மாடியில தண்ணி நிக்குது. குழாய்ல இறங்கலை. எல்லாரையும் வெளியே கூட்டிட்டுப் போங்க. அவங்க போனாத்தான் நான் ஏறுவேன்."

உன் அப்பாவை நீ எத்தனையோ விதமாகக் கிண்டல் செய்வாய். அவர் அன்றைக்கு என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. காலேஜில் பாடம் நடத்தி நடத்தி, பின் பெஞ்சில் தூங்குகிற மாணவனையும் எழுப்புகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில், அவருக்குத் தெரிந்த ஓட்டை பிரெஞ்சில், "எல்லாரும் வெளியே! மழை! கூரை! வெளியே!" என்று அவர் கத்தியதும், முதலில் குழந்தை வைத்திருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள். துண்டும் ஈர உடம்புமாகப் பிள்ளைகளை எதிரே இருந்த தேவாலயத்தின் அடித்தளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். நீயும் போனதைப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினேன்.

இது வரைக்கும்தான் மிஷெலிடம் சொன்னாய். மீதியை இனி நான் சொல்கிறேன்.

கூடம் காலியாகிவிட்டது என்று நினைத்தேன். ரொஜே போகவில்லை. ஆழமான பக்கத்தில், அந்த பீமுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டேன். "எங்க அப்பா போட்ட பீம். விழுறதா இருந்தா என் தலையில விழட்டும்" என்றார். நான் பக்கத்தில் போனேன். போகாமல் என்ன செய்ய? சொட்டச் சொட்ட நனைந்து, குளிரில் பல் கிட்டிப்போய், அந்த மனிதர் முன்னால் நின்றேன். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் குரலை உயர்த்தாமல் பேசினார். அவர் அப்பா செருப்பு ஆலையில் வேலை பார்த்தவராம். ஆலை மூடின பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போகிறவர் போல உடுத்திக்கொண்டு தெருவில் சுற்றிவிட்டு வருவாராம். இந்தக் கட்டட வேலை கிடைத்த அன்றைக்கு, கையெல்லாம் சிமென்ட் அப்பி வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். ஆனால் ஊரில் வசதியானவர்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? அரசாங்கக் காசில் மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிற சோம்பேறிகள் என்று பேசினார்கள். அப்பா சாகும் வரை அது காதில் விழுந்துகொண்டே இருந்தது. "இன்னிக்கு நீ எல்லார் முன்னாடியும் விரல் நீட்டிச் சொன்னே பாரு, அதேதான் அது" என்றார்.

எனக்கு அப்போதுதான் நான் செய்தது புரிந்தது. கூரையைப் பற்றிச் சொன்னேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பீமைச் சுட்டாமல், மாடியில் தண்ணீர் நிற்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை அவரே விசிலைப் பிடுங்கி எல்லோரையும் விரட்டியிருப்பார். ஆனால் அதையெல்லாம் விளக்க அது நேரம் இல்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாயைப் பற்றிச் சொன்னேன். பெரிய பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களை வைத்து வெட்டினது அது. அதில் எத்தனை வருஷம் படகு போயிற்று. வெட்டினவர்களில் ஒருத்தர் பேர்கூட எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, நாங்கள் அதைச் சாக்கடை என்போம். "நீங்க உங்க ஆளுங்களுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருறீங்க. அந்த மரியாதை எனக்குத் தெரியுது. உங்க அப்பா வேலையில தப்பு இருக்குன்னு நான் சொல்லலை. அது மேலே இன்னிக்கு ஒரு ஏரி நிக்குது ரொஜே. முதல்ல ஏரியை இறக்குவோம். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்" என்று என்னென்னவோ உளறினேன். அவர் அசையவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. நீ வந்தாய். நீச்சல் டிராயர், மேலே அப்பாவின் பெரிய கோட்டு, வெறுங்கால், கையில் யாரிடமோ வாங்கிய கம்பளி. முகமெல்லாம் கோபம்.

"அம்மா, வெளியே வா. நீதானே விழும்னு சொன்னே?"

"உள்ளே வராதே! போடா வெளியே!"

நீ நேராக நடந்து வந்தாய். குளத்தைச் சுற்றி, ஈரத் தரையில், அந்த பீமுக்குக் கீழேயே வந்து நின்றாய். நான் உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அது வரைக்கும் உன் மேல் நான் கை வைத்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை. காலியாக இருந்த கூடத்தில் அந்தச் சத்தம் எவ்வளவு பெரியதாகக் கேட்டது என்று உனக்கும் நினைவிருக்கும். நீ கன்னத்தைத் தொடக்கூட இல்லை. கம்பளியை என் தோளில் போட்டாய்.

"நீ வராம நான் போக மாட்டேன்" என்றாய்.

ரொஜே போகாமல் நான் போக முடியாது. நான் போகாமல் நீ போக மாட்டாய். மூன்று பேரும் அந்த பீமுக்குக் கீழே நின்றோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. உன்னை இழுத்துக்கொண்டு ஓடலாமா, அவரை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் ரகு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் வேறு எந்தக் கணக்கும் வரவில்லை. ரொஜே உன்னைப் பார்த்தார். உன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"என் தலையில விழலாம். இவன் தலையில வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். சாவிக் கொத்தை உன் கையில் கொடுத்து, வாசலில் நின்று ஒருத்தரையும் உள்ளே விடாதே என்று உன்னை அனுப்பினார். மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினார்.

மேலே நாங்கள் இருவரும் சுவரோரமாகவே நடந்தோம், பாரம் நடுவில் போய் நிற்கக் கூடாது என்று. அவர் கடப்பாரையால் குத்த, நான் கையால் கட்டியை வாரி எறிந்தேன். கை மரத்துப்போய் ரத்தம் வந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் கூரை அதிர்கிற மாதிரி இருந்தது. அடைப்பு உடைந்து முதல் வடிகால் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்ததும் ரொஜே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், நான் முருகா என்றேன். அடுத்ததையும் உடைத்தோம். கீழே இறங்கும்போது சுவருக்குள் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. நீ வாசலில் சாவியைப் பிடித்தபடி நின்றிருந்தாய்.  மழையில் நீ வீட்டுக்கு நடந்து போனாய், நான் பின்னாலேயே வந்தேன்.

கூரை விழவில்லை. நீ சொன்னது அந்த மட்டில் சரி. திங்கட்கிழமை பெரிய என்ஜினீயர்கள் வந்து பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் நேரத்தில் போயிருக்கும் என்றார் ஒருவர். இன்னும் பத்து வருஷம் நின்றிருக்கும் என்றார் இன்னொருவர். என் மேலதிகாரி, ஊரைக் கூட்டாமல் செய்திருக்கலாமே என்றார். கூடத்தை மூடி, பீமுக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, கோடையில் சரி செய்தார்கள். உன் போட்டியை வேறொரு குளத்தில் நடத்தினார்கள். நீ போகவே இல்லை. எவ்வளவு கெஞ்சினோம்! அதோடு நீச்சலையே விட்டாய். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. நீ ஜெயித்திருப்பாய்.

ரிப்பேருக்காக அந்த பீமை உடைத்துத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். துரு ஏறியது ஆவியால்தான். கான்கிரீட்டில் ஒரு பொத்தல் இல்லை, ஜல்லியெல்லாம் கழுவிப் போட்டது, கையால் குத்திக் குத்திக் கெட்டித்தது. மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறவன் அப்படிப் போட முடியாது. ரொஜேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகு நேரம் அதைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, "அன்னிக்குச் சத்தமாச் சொன்னியே, இதையும் சத்தமாச் சொல்லு" என்றார். கூடத்தைத் திறந்த நாளில், வரிசை நிறைய ஜனங்கள் இருக்கும்போது, எழுந்து நின்று என் ஓட்டை பிரெஞ்சில் சொன்னேன். நீ வரவில்லை, அதனால் உனக்குத் தெரியாது.

கல்கரியில் உனக்கும் கட்டட வேலைதான். இன்னும் ஐந்து நிமிஷம்தான் என்று உன்னிடமும் சொல்வார்கள். அவமானப்படத் தயங்காதே, அவமானம் துவைத்தால் போய்விடும். ஆனால் குறை சொல்வதற்கு முன்னால், அதற்குக் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார். நான் பார்க்காமல் விரல் நீட்டியதால்தான் ஒரு மனிதர் சாகத் துணிந்து உட்கார்ந்தார், அதுதான் உன்னையும் அந்த பீமுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியது. மிஷெலோடு சண்டை வரும்போதும் இது உதவும்.

நான் தண்ணீரில் இறங்கியதைத் தைரியம் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கு அது வேலை. எவ்வளவு பாரம், எவ்வளவு துரு என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒன்றும் தெரியாது. என் மேல் கொலைக் கோபத்தில் இருந்தாய், ஊர் முன்னால் உன் மானத்தை வாங்கியவள் நான், கூரை விழும் என்று நான் சொன்னதை நம்பினாய். நம்பிக்கொண்டேதான் உள்ளே வந்தாய். உன்னைப் பற்றி எனக்கு எப்போதாவது கவலை வந்தால் அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

உன்னை அறைந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். வரக் கூடாத இடத்துக்கு, உனக்காக, வெறுங்காலோடு அது வந்து நிற்கும். நீயும் அறைவாய். அறைந்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அம்மா